‘ஓகே’ எங்கே பிறந்தது? ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் தேடப் பழகுகிறவர்களுக்கு

‘நியூஸ்’ என்ற சொல்லின் நான்கு எழுத்துகளும் நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் என்று பல வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நாலா திசையிலிருந்தும் வருவதால்தான் அது நியூஸ் என்று ஒரு விளக்கம் வேறு. எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்தார். “தம்பி, ‘நியூ’ன்னா புதுசு. புதுசுங்க எல்லாம் சேர்ந்தா நியூஸ். இதுக்கு எதுக்கு திசைகாட்டி?” என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால் அவர் சொன்னதுதான் சரி. ‘நியூ’ என்பதன் பன்மையாக, பிரெஞ்சுக்காரர்களின் ‘நூவெல்’ போல அமைந்த சொல் அது. அன்று பட்ட வெட்கத்தில்தான் எனக்கு இந்தத் தேடல் பழக்கம் வந்தது. ஹலோ, வாவ், குட்பை, ஓகே என்று நாம் நாள் முழுக்கப் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, நான் போகும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு போனும் ஒரு நோட்டும் போதும். அப்புறம், சுவையான கதையைக் கேட்டவுடன் நம்பிவிடாத மனசு ஒன்று வேண்டும். அதுதான் கொஞ்சம் கஷ்டம்.

முதல் படி: கேள்வியைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்

“வாவ் எப்போது வந்தது?” என்று எழுதினால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அந்தச் சொல் எப்போது முதன்முதலில் எழுத்தில் வந்தது என்பது ஒன்று. எப்போது ஊரெல்லாம் சொல்லத் தொடங்கியது என்பது இன்னொன்று. ‘வாவ்’ இன்ஸ்டாகிராம் காலத்துச் சொல் போலத் தெரிகிறது. ஆனால் 1513இல் ஸ்காட்லாந்துக் கவிஞர் ஒருவர் லத்தீன் காவியம் ஒன்றை மொழிபெயர்த்தபோதே அதை எழுதியிருக்கிறார். அதன்பின் பல நூற்றாண்டுகள் அது ஸ்காட்லாந்துக்காரர்களின் வாய்ச்சொல்லாகவே இருந்தது. எல்லோர் வாயிலும் நுழைந்தது 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில். பிறப்பு, பரவல் என்று நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: அகராதியைத் திறங்கள்; ஆண்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தத் துறையில் கடைசித் தீர்ப்பு போல மதிக்கப்படுவது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1857இல் லண்டனில் அதற்கான யோசனை கிளம்பியது. முதல் பகுதி 1884இல் வந்தது, கடைசிப் பகுதி 1928இல். இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம் அவர்கள் வேலை செய்த விதம். ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் பழைய புத்தகங்களைப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தை ஆண்டு, பக்கம் போட்டுத் துண்டுச்சீட்டில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே தன் வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, அதில் புறாக்கூண்டு மாதிரி அறைகள் வைத்து அந்தச் சீட்டுகளை அடுக்கினார். அதனால்தான் அந்த அகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே தேதியிட்ட மேற்கோள்கள் வரிசையாக நிற்கின்றன. இன்று இணையத்தில் அதை முழுதாகப் படிக்கச் சந்தா வேண்டும். பெரிய கல்லூரி நூலகம் எதிலாவது இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

காசு செலவழிக்காமல் பார்ப்பதற்கு மெரியம்-வெப்ஸ்டர் தளம் இருக்கிறது, எட்டிம்ஆன்லைன் இருக்கிறது. முதலாவது, ஒரு சொல் முதலில் காணப்பட்ட ஆண்டைத் தரும். இரண்டாவது, வேர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், இரண்டையும் பாருங்கள்.

இந்தியாவோடு தொடர்புள்ள சொல் என்றால் 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற அகராதியைத் தேடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் வெளிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அந்த விசித்திரமான தலைப்பே ஒரு வியப்பிடைச் சொல்லின் திரிபுதான். முகரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்ற ஓலம் பிரிட்டிஷ் சிப்பாய்களின் காதில் விழுந்து ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ ஆகிவிட்டது. வந்த ஊரின் கூக்குரலைத் தன் ஊர் ஆள் பெயராக்கிக்கொண்ட காதுகள்!

அகராதியில் போட்டிருக்கும் ஆண்டு, சொல் பிறந்த ஆண்டு இல்லை. அது முதன்முதலாகப் போட்டோவில் விழுந்த ஆண்டு, அவ்வளவுதான். அதற்கு முன் எத்தனை காலம் வாய்மொழியாக ஓடியதோ. ஆனாலும் அந்த ஆண்டு உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். அடுத்த படியில் அதை எடுத்து வீசலாம்.

மூன்றாம் படி: கதையையும் ஆண்டையும் மோத விடுங்கள்

‘ஓகே’யைப் பற்றி உலவும் கதைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. எல்லாம் நலம் என்று பொருள்படும் ‘ஓலா கலா’ என்ற கிரேக்கத் தொடர் என்பார்கள். சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியில் ‘அப்படித்தான்’ என்று பொருள்படும் ‘ஓகே’ என்பார்கள். அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் இந்தக் கதையை நம்பி, கடைசியில் ‘எச்’ எழுத்து சேர்த்து அந்த மொழியின் எழுத்துக்கூட்டலிலேயே எழுதினாராம். போர்க்களத்தில் ‘இன்று ஒருவரும் சாகவில்லை’ என்று பலகையில் பூஜ்ஜியமும் கே எழுத்தும் போட்டார்கள் என்பது இன்னொரு கதை.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய செய்தித்தாள்களைக் கட்டுக்கட்டாகப் புரட்டி, 1963-64இல் கட்டுரைகள் எழுதி இந்தச் சண்டையை முடித்துவைத்தார். அவர் கண்டுபிடித்தது இதுதான். 1830களின் கடைசியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களிடையே ஒரு வேடிக்கை இருந்தது. ஒரு தொடரை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டி, அந்தத் தப்பின் முதலெழுத்துகளை மட்டும் எடுத்து எழுதுவார்கள். ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’ என்பதை ஓ எழுத்திலும் கே எழுத்திலும் தொடங்குவதாக வைத்து ‘ஓ.கே.’ ஆக்கினார்கள். 1839 மார்ச் 23ஆம் தேதி பாஸ்டன் மார்னிங் போஸ்ட்டில் அது அச்சேறியது. இதே பாணியில் ‘ஆல் ரைட்’ என்பதற்கு ‘ஓ.டபிள்யூ.’ என்றும் ஒன்று இருந்தது. இப்படிப் பிறந்த குட்டிகள் எல்லாம் செத்துப்போயின. ஓகே மட்டும் தப்பித்தது.

அது எப்படித் தப்பித்தது என்பது பரவல் பத்தியில் எழுத வேண்டிய விஷயம். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் தேர்தல். மறுபடியும் நின்ற ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிண்டர்ஹுக். ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்ற பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் ஓ, கே. அவருடைய கட்சிக்காரர்கள் ஓகே மன்றங்கள் தொடங்கிவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அதே எழுத்துகளுக்குக் கிண்டலான விரிவுகளைக் கட்டிவிட்டார்கள். தேர்தலில் அவர் தோற்றார், சொல் ஜெயித்தது. நம் ஊர்த் தேர்தல் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இன்னொரு உதாரணம். முழுவதும், ஒன்று விடாமல் என்ற பொருளில் அமெரிக்கர்கள் ‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்பார்கள். முழு ஒன்பது கஜம். இரண்டாம் உலகப் போரில் விமானத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை 27 அடி நீளம், அதாவது ஒன்பது கஜம், அதை முழுதாகச் சுட்டுத் தீர்த்ததிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் 1907ஆம் ஆண்டு இண்டியானா செய்தித்தாள் ஒன்றிலேயே ‘ஃபுல் நைன் யார்ட்ஸ்’ இருக்கிறது. ரைட் சகோதரர்கள் பறந்து நாலு வருடம்கூட முழுதாக ஆகாத காலம் அது. போதாததற்கு 1912இல் கென்டக்கி செய்தித்தாள் ஒன்று ‘ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்’ என்று எழுதுகிறது. எண்ணே நிலையாக இல்லை என்றால் ஒன்பதுக்கு விளக்கம் சொல்லும் எந்தக் கதையும் நிற்காது. ஆறு கஜம், ஒன்பது கஜம் என்றதும் நம் வீட்டுப் புடவையும் மடிசாரும் ஞாபகத்துக்கு வருகின்றனதானே? எனக்கும் வந்தது. தயவுசெய்து அதை எங்கேயும் எழுதி வைத்துவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து அது நமக்கே வாட்ஸ்அப்பில் திரும்பி வரும்.

நான்காம் படி: முதலெழுத்துக் கதை என்றால் சந்தேகப்படுங்கள்

என் நியூஸ் இந்த வகைதான். ‘டிப்ஸ்’ கொடுப்பது ‘சீக்கிரம் கவனிப்பதற்காக’ என்ற தொடரின் சுருக்கம், ‘கோல்ஃப்’ என்றால் ‘ஆண்கள் மட்டும், பெண்களுக்குத் தடை’ என்பதன் சுருக்கம் என்பவையும் அதே வகை. கோல்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள். 1457இலேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அந்த விளையாட்டைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. ஆட்கள் வில்வித்தை பழகாமல் இதையே ஆடிக்கொண்டிருந்தார்களாம். பெண்கள் பேச்சே அதில் இல்லை.

‘பாஷ்’ என்ற சொல்லின் கதையில் நம் ஊரும் வருகிறது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் பணக்காரர்கள் வெயில் படாத பக்கத்து அறையைக் கேட்பார்கள். வரும்போது இடப்பக்கம், போகும்போது வலப்பக்கம்; ஆங்கிலத்தில் ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’. அந்தத் தொடரின் முதலெழுத்துகளைச் சீட்டில் முத்திரையாகக் குத்துவார்கள், அதுவே பணக்காரத்தனத்துக்குப் பெயராகிவிட்டது என்று கதை. இன்றுவரை அப்படி முத்திரை குத்திய ஒரு சீட்டுகூட யாருக்கும் கிடைக்கவில்லை. இந்தக் கதை அச்சில் தலைகாட்டுவது 1930களில். சொல்லோ அதற்கு முன்பே புழங்கிக்கொண்டிருந்தது.

முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாக உச்சரிக்கும் பழக்கம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். அதற்கு முந்தைய சொல்லுக்கு இப்படி ஒரு விளக்கம் வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பின்னாளில் ஒட்டவைத்ததாகத்தான் இருக்கும். ஆபத்தில் மாட்டிய கப்பல் அனுப்பும் எஸ்.ஓ.எஸ்.கூட ‘எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்’ என்பதன் சுருக்கம் இல்லை. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று தந்திக்கான மோர்ஸ் முறையில் தட்டுவதற்கும் கேட்பதற்கும் எளிதாக இருந்ததால் 1906இல் பெர்லினில் கூடிய சர்வதேச மாநாடு அதை ஏற்றது. விரிவு எல்லாம் அப்புறம் வந்தது.

ஓகேயும் முதலெழுத்துதானே, அதை மட்டும் ஏன் நம்புகிறாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1839ஆம் ஆண்டுச் செய்தியிலேயே, அதே வாக்கியத்தில், ‘ஓ.கே.’ பக்கத்தில் ‘ஆல் கரெக்ட்’ என்று விளக்கமும் அச்சாகியிருக்கிறது. அந்தக் காலத்துச் சாட்சி இருந்தால் நம்பலாம். நூறு வருடம் கழித்து வந்து சாட்சி சொன்னால் வேண்டாம்.

ஐந்தாம் படி: “இது தமிழ்தான்” என்று தோன்றும்போது ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் உண்மையிலேயே உண்டு. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது. சுருட்டு ‘செரூட்’ ஆனது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆகி, சூப் கிண்ணத்தில் உட்கார்ந்துகொண்டது. இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறது. ஆனால் ஒலி ஒத்துப்போவது மட்டும் ஆதாரம் ஆகாது.

‘கேஷ்’ இதற்கு நல்ல பாடம். காசுதான் கேஷ் என்று சொல்லாத தமிழாசிரியர் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் இருக்கின்றன. ரொக்கம் என்ற பொருளில் நாம் தினமும் சொல்லும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. பணப்பெட்டி பணத்துக்கே பெயரானது. மற்றொரு கேஷ், கம்பெனி காலத்துச் சென்னையில் புழங்கிய சின்னச் செப்புக்காசு. 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இந்த இரண்டாவது கேஷ்தான் நம் காசு. போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போனது. உரிமை கொண்டாடுங்கள், சரியான கேஷுக்கு.

வியப்பிடைச் சொற்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் எல்லா மனிதர்களும் வலித்தால் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கத்துவார்கள். ‘அலாஸ்’ என்ற பழைய ஆங்கில ஓலம் லத்தீனில் களைப்பைக் குறிக்கும் ‘லாஸுஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. களைப்பு என்றதும் ‘அலுப்பு’ ஞாபகம் வருகிறதா? அதற்குத்தான் தண்ணீர்.

ஆறாம் படி: வியப்புச் சொல்லுக்குள் கடவுள் ஒளிந்திருக்கிறாரா என்று பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஆங்கில வியப்புச் சொற்களில் பல, முகமூடி போட்ட சத்தியங்களும் வேண்டுதல்களும். ‘குட்பை’ என்பது ‘காட் பி வித் யி’, கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்ற வாழ்த்து தேய்ந்தது. 1570களிலேயே பாதி தேய்ந்த வடிவில் கடிதத்தில் வருகிறது. ‘குட் டே’, ‘குட் நைட்’ எல்லாம் சுற்றி இருந்ததால் ‘காட்’ மெல்ல ‘குட்’ ஆகிவிட்டார்.

மற்றவை பயத்தில் மறைத்தவை. கடவுள் பெயரை வீணாகச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வேதக் கட்டளை. ஆனால் விரலில் சுத்தியல் விழுந்தால் வாய் சும்மா இருக்காதே. ஆகவே ‘காட்’ என்று தொடங்கி, பாதியில் திருப்பி ‘காஷ்’, ‘காலி’ என்று முடித்தார்கள். ‘ஜீசஸ்’ என்பது ‘ஜீ’ ஆனது, ‘கிரைஸ்ட்’ என்பது ‘கிரைக்கி’ ஆனது. ‘பிளைமி’ என்றால் ‘கடவுள் என்னைக் குருடாக்கட்டும்’. நம் ஊரில் “பொய் சொன்னா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்” என்று சத்தியம் செய்வதில்லையா, அதேதான். இருட்டிய பிறகு பாம்பைப் ‘பூச்சி’ என்று சொன்ன பாட்டிகளுக்கும் புருஷன் பெயரைச் சொல்லாமல் ‘இவங்க அப்பா’ என்று சமாளித்த அம்மாக்களுக்கும் இந்த வித்தையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்குச் சட்டமே இருந்தது. 1606இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், நாடக மேடையில் விளையாட்டாகக் கடவுள் பெயரைச் சொன்னால் ஒவ்வொரு தடவைக்கும் 10 பவுண்டு அபராதம் என்றது. ‘கடவுளின் காயங்கள் மேல் ஆணை’ என்பதன் சுருக்கமான ‘ஸூண்ட்ஸ்’, ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தின் 1622ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த பெருந்தொகுப்பில் காணோம். இரண்டு பதிப்புகளின் படங்களும் இணையத்தில் உள்ளன. பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள், சொல் இருந்த இடம் துடைத்துவிட்டது போல இருக்கும்.

ஏழாம் படி: பரப்பியது யார், எந்தக் கருவி?

‘ஹலோ’வை எடிசன் கண்டுபிடித்தார் என்பது பாதி உண்மை. 1820களிலேயே அமெரிக்கச் செய்தித்தாளில் அது அச்சாகியிருக்கிறது. அதற்கு முன் ஹாலோ, ஹொல்லா என்று தூரத்து ஆளைக் கூப்பிடும் குரல்கள் இருந்தன. பழைய ஜெர்மானிய மொழியில் ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் ஓடக்காரரைக் கூப்பிட்ட குரலே மூலம் என்கின்றன அகராதிகள். அதுவரை அது வணக்கம் இல்லை, ‘ஓய்!’ மாதிரிதான்.

டெலிபோன் வந்ததும் கதை மாறியது. கிரஹாம் பெல், கப்பல்காரர்கள் கூவும் ‘அஹோய்’ வேண்டும் என்றார். 1877 ஆகஸ்ட் 15ஆம் தேதி எடிசன் பிட்ஸ்பர்க் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், மணி எதுவும் தேவையில்லை, ‘ஹலோ’ என்று சொன்னால் 10, 20 அடி தூரத்தில் இருப்பவருக்கும் கேட்கும் என்றார். எடிசன் கட்சி ஜெயித்தது. பெல் ஜெயித்திருந்தால் இன்று பெட்டிக்கடையில் நின்றுகொண்டு “அஹோய், கேக்குதா?” என்று கத்திக்கொண்டிருப்போம்.

ஆபத்தில் சிக்கிய விமானி ரேடியோவில் கூவும் ‘மேடே’யும் கருவி பெற்ற பிள்ளை. விமான ரேடியோவில் எஸ் என்ற எழுத்து தெளிவாகக் கேட்கவில்லை, அதனால் எஸ்.ஓ.எஸ். உதவவில்லை. 1920களின் தொடக்கத்தில் லண்டனின் குரோய்டன் நிலையத்துக்கும் பாரிஸின் லெ பூர்ஷே நிலையத்துக்கும் இடையேதான் போக்குவரத்து அதிகம். ‘எனக்கு உதவுங்கள்’ என்ற பொருளுள்ள பிரெஞ்சு ‘மெடே’யை ஆங்கிலக் காதுக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டார்கள். 1927இல் சர்வதேச விதியாகவே ஆனது. மே மாதத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எட்டாம் படி: பகிரும் முன் முத்திரை குத்துங்கள்

என் நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ‘உறுதி’, ‘இருக்கலாம்’, ‘கதை’ என்று மூன்றில் ஒன்றை எழுதுவேன். ஓகே உறுதி. பாஷ் கப்பல் கதை. ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று மழை கொட்டுவதற்கு, வேர் இதுதான் என்று நிரூபணமாகாத பட்டியலில்தான் இடம். 1650களில் அச்சான ஓர் ஆங்கில நாடகத்தில் நாயும் கீரி மாதிரியான ஒரு பிராணியும் மழையாகப் பொழிகின்றன. இன்றைய வடிவம் 1738இல் வருகிறது. 1999இல் சுற்றிய ஒரு மின்னஞ்சலோ, அந்தக் காலத்தில் நாயும் பூனையும் கூரைமேல் படுத்திருந்தன, மழையில் வழுக்கிக் கீழே விழுந்தன என்று அடித்துச் சொன்னது. கூரை வீட்டில் ஒரு ஐப்பசி மாதம் இருந்தவர்களைக் கேளுங்கள். நாய் எந்தக் காலத்தில் கூரையில் ஏறிப் படுத்தது? பூனை ஏறும். ஆனால் முதல் தூறலிலேயே அடுப்படிக்கு வந்துவிடும்.

தும்மினால் ‘பிளெஸ் யூ’ சொல்வது 590ஆம் ஆண்டு வாக்கில் ரோமில் வந்த கொள்ளைநோயின்போது போப் கிரகோரி தொடங்கிவைத்தது என்பதும் இப்படித்தான். முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி, தும்முகிறவரை நாம் ஏன் வாழ்த்துகிறோம் என்று அப்போதே கேட்டு வைத்திருக்கிறார். நம் 1317ஆம் குறளிலும் தலைவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள். அடுத்த நொடியே, எவள் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். போப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சரி, முதல் பயிற்சிக்கு ஒரு சொல் தருகிறேன். ‘ஐயோ’. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதைச் சேர்த்துக்கொண்டது. பிறப்பு ஒரு பத்தி, பரவல் ஒரு பத்தி, பக்கத்தில் முத்திரை. தமிழ் என்று எழுதக் கை பரபரக்கும். சீனத்திலும் கிட்டத்தட்ட அதே ஒலியில் ஒன்று இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.